புள்ளி தொலைந்த சுட்டி: மின்னஞ்சலிலிருந்து சுட்டிகளைத் திறக்க ஒரு கட்டளைவரிக் கருவி

கடலூர்த் துறைமுகத்தைப் பற்றிய சிறு நூல் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓர் ஐயத்தைத் தீர்ப்பதற்காக நூலாசிரியர் தமிழ் விக்கிப்பீடியாவின் ‘கடலூர்’ கட்டுரைக்குச் சுட்டி அனுப்பியிருந்தார். மஞ்சக்குப்பத்தில் என் மேசை மேலிருக்கும் மடிக்கணினியின் முனையத்திலிருந்து, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வெற்றுரைத் திரையிலிருந்து, அதைத் திறந்தபோது, அந்தத் தலைப்பில் கட்டுரை எதுவும் இல்லை என்று பக்கம் வந்தது. பிறந்து வளர்ந்த ஊருக்கு ஒரு கட்டுரை இல்லாமலா போகும் என்று தலைப்பை உற்றுப் பார்த்தால், அங்கே இருந்தது ‘கடலூர=’. ஈற்றிலிருந்த ர் தன் புள்ளியை இழந்து, அதற்கு ஈடாக ஒரு சமக்குறியை ஒட்டிக்கொண்டு நின்றது. மெய்ப்புத் திருத்துபவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் பிழை இருக்க முடியாது. அந்தப் புள்ளியைத் தேடிப் போனதில் மூன்று வாரத்து மாலைப்பொழுதுகள் கரைந்தன. இருநூறு வரிக்கும் குறைவான ஒரு பைத்தான் நிரல் கையில் மிஞ்சியது.

நான் மின்னஞ்சலை மட் என்னும் முனைய நிரலில் படிப்பவன். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. 2 ஜிபி நினைவகமே உள்ள பழைய கணினியில் உலாவியைத் திறந்து, அதற்குள் அஞ்சல் பக்கத்தைத் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். எம்பிசின்க் என்ற நிரல் அஞ்சல்களைக் கணினிக்கே இறக்கி வைத்துவிடுவதால், இணையம் இல்லாதபோதும் மட்டில் எல்லாவற்றையும் படிக்கலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தபோது, இங்கே கைபேசி இணையம் விட்டுவிட்டு வந்த நேரங்களில் என் வேலை நிற்காததற்கு இந்த ஏற்பாடே காரணம். இதன் ஒரே குறை சுட்டிகள். மட்டின் திரையில் ஒரு சுட்டி வரியை விட நீண்டால் அடுத்த வரிக்கு மடங்கும். மடங்கிய வரியின் தொடக்கத்தில் ஒரு கூட்டல் குறி இடப்படும். மவுஸால் இழுத்து நகலெடுத்தால் அந்தக் கூட்டல் குறியும் சேர்ந்து வரும். ஆகவே, படித்துக்கொண்டிருக்கும் அஞ்சலை அப்படியே பைப் வழியாக வேறொரு நிரலுக்குத் தள்ளிவிட்டு, அந்த நிரல் சுட்டிகளைப் பொறுக்கியெடுத்துப் பட்டியல் காட்டுவதே வழக்கம். அந்த வேலைக்காக அதே எல்கின்ஸ் எழுதிய யூஆர்எல்வியூ என்ற சி நிரலைத்தான் நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தேன். கண்ட்ரோல் விசையுடன் பி-யை அழுத்தினால் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்தால் உலாவி திறக்கும்.

இப்போது புள்ளிக்கு வருவோம். நூலாசிரியர் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து சுட்டியை நகலெடுத்திருக்கிறார். அப்படி எடுக்கும்போது பெரும்பாலும் தமிழ் எழுத்துகள் தமிழாக வருவதில்லை. ஒருங்குறியில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். சுட்டிக்குள் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுதப்படும். ஆக, ஒரு குறிக்கு 9 இடம். ‘கடலூர்’ என்ற சொல்லில் கணினியின் கணக்குப்படி க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று 6 குறிகள் உள்ளன. எனவே 54 இடம். அதற்கு முன்னால் வரும் தமிழ் விக்கிப்பீடியா முகவரி, இறுதிச் சாய்கோடு உட்பட, 30 இடம். மொத்தம் 84.

இந்த 84 இடத்துச் சுட்டி புறப்பட்ட அஞ்சல், கோட்டட் பிரிண்டபிள் என்னும் குறியாக்கத்தில் இருந்தது. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 2045 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த முறை அது. அதன்படி ஒரு வரி 76 இடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 75 இடத்தோடு வரியை அறுத்து, அறுத்த இடத்தில் ‘இது உண்மையான வரி முடிவு அன்று, அடுத்த வரியோடு சேர்த்துக்கொள்’ என்பதற்கு அடையாளமாக ஒரு சமக்குறியை வைக்க வேண்டும். எங்கள் சுட்டி வரியின் தொடக்கத்திலேயே இருந்தது. 30 போக மீதமுள்ள 45 இடத்தில் எத்தனை தமிழ்க்குறிகள் அடங்கும்? சரியாக 5. க, ட, ல, ஊகாரம், ர ஆகியவை முதல் வரியில் நின்றுவிட்டன. புள்ளி மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பெயர் இந்தக் கணக்குக்கென்றே அளந்து வைத்தாற்போல் பொருந்தியதை எண்ணி, எரிச்சலை மறந்து சற்று நேரம் சிரித்தேன். யூஆர்எல்வியூ தனக்கு வந்த உரையில் சுட்டி போன்ற வடிவத்தைத் தேடும் நிரல். அஞ்சலின் குறியாக்கத்தை அவிழ்ப்பது அதன் வேலை அன்று. அவிழ்க்காத அஞ்சலை அதற்கு ஊட்டியது என் தவறு.

இதே குறியாக்கம் செய்யும் இன்னொரு குறும்பும் உண்டு. சமக்குறிக்குத் தனிப்பொருள் கொடுத்துவிட்டதால், உரையில் இயல்பாக வரும் சமக்குறியை அதன் பதினறும எண்ணான 3டி-யோடு சேர்த்து எழுத வேண்டும். சுட்டியின் வாலில் ‘பக்கம்=25’ என்று இருப்பது ‘பக்கம்=3டி25’ என்று ஆகிவிடும். இதற்கு முன்பு எத்தனையோ முறை ‘சுட்டி வேலை செய்யவில்லை’ என்று நூலாசிரியர்களுக்கு எழுதியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்பது இப்போதுதான் புரிகிறது.

முதல் மருந்து எளிது. மட்டின் அமைப்புக் கோப்பில் ‘பைப் டீகோட்’ என்ற மாறியை இயக்கிவிட்டால், அஞ்சலைத் தள்ளுவதற்கு முன் மட்டே குறியாக்கத்தை அவிழ்த்துக் கொடுத்துவிடும். புள்ளி உடனே திரும்பி வந்தது. ஆனால் வலைப்பக்கம் போல வடிவமைக்கப்பட்ட எச்டிஎம்எல் அஞ்சல்களில் வேறொரு ஓட்டை தெரிந்தது. அவற்றைப் படிப்பதற்காக டபிள்யூ3எம் என்ற உரை உலாவியின் வழியாக வெற்றுரையாக மாற்றிக்கொள்கிறேன். ‘இங்கே அழுத்தவும்’ என்ற சொற்கள் மட்டும் எஞ்சி, அவற்றுக்கு அடியிலிருந்த முகவரி அந்த மாற்றத்தில் உதிர்ந்துவிடும். படிப்பதற்கு அது வசதி. சுட்டி பொறுக்குவதற்கோ, அரிசியைக் களைந்து கழுநீரை மட்டும் கொடுத்த கதை.

இரண்டாவது மருந்து யூஆர்எல்ஸ்கேன். டேனியல் பரோஸ் பைத்தானில் எழுதி, பின்னர் ஸ்காட் ஹேன்சன் பேணிவரும் நிரல் இது. அஞ்சலை முறையாகப் பிரித்து, குறியாக்கத்தை அவிழ்த்து, எச்டிஎம்எல்லையும் படித்து, சுட்டியைச் சுற்றியுள்ள உரையோடு சேர்த்துக் காட்டும். டெபியன் லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவலாம். மட் பயன்படுத்தும் எவர் கேட்டாலும் இதைத்தான் நான் சொல்வேன். என் நிரலைச் சொல்ல மாட்டேன். அப்படியிருக்க, சொந்தமாக ஏன் எழுதினேன்? விழுக்காட்டுக் குறிகளின் காட்டை அல்லாமல் ‘கடலூர்’ என்ற தமிழைப் பட்டியலில் பார்க்க விரும்பினேன். நம்மவர்கள் தமிழ் வாக்கியத்துக்குள் சுட்டியை எழுதும் விதத்தால் வரும் சில சிக்கல்களையும் என் போக்கில் தீர்க்க விரும்பினேன். உள்ளபடி சொன்னால், அதற்குள் கை அரிக்கத் தொடங்கியிருந்தது.

நிரலுக்குத் தொரட்டி என்று பெயர் வைத்தேன். கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கும் கோலின் பெயர்தான். மரத்தில் ஏறாமல், வேண்டியதை மட்டும் கொக்கியில் மாட்டிக் கீழே இழுப்பது.

அடிப்படை வேலையைப் பைத்தானின் ஈமெயில் தொகுப்பே செய்துவிடுகிறது. அஞ்சலை உரையாக அல்லாமல் பைட்களாகவே வாங்கி, பகுதி பகுதியாக நடந்து, வெற்றுரைப் பகுதியையும் எச்டிஎம்எல் பகுதியையும் தனித்தனியே அவிழ்த்தெடுக்க வேண்டும். எச்டிஎம்எல்லில் சுட்டிகளை, எழுத்துகளின் வடிவமைப்பைக் கொண்டு தேடும் வடிவத்தொடரால், அதாவது ரெஜெக்ஸால், தேடக் கூடாது. பைத்தானிலேயே உள்ள எச்டிஎம்எல் பார்சரைக் கொண்டு சுட்டிகளைத் தாங்கும் நங்கூரக் குறிச்சொற்களைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் ‘உம்மைக்குறி’ (ஆம்பர்சண்ட்) என்பதற்காக எச்டிஎம்எல்லில் நீட்டி எழுதப்படும் ஐந்தெழுத்து வடிவமும் தானாகவே ஒற்றைக் குறியாகச் சுருங்கிவிடும். ஒரே கடிதம் வெற்றுரையாக ஒரு முறையும் எச்டிஎம்எல்லாக ஒரு முறையும் வருவதால் எல்லாச் சுட்டிகளும் இரட்டிக்கும். வந்த வரிசை மாறாமல் ஒன்றை நீக்க, பைத்தானில் அகராதி எனப்படும் தரவு வகை போதும். விளம்பர அஞ்சல்களில் வெறும் படத்தின் மேல் போடப்பட்ட சுட்டிகளைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிட்டேன்.

வெற்றுரைப் பகுதியில்தான் தமிழ் என்னைச் சோதித்தது. தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தாங்கிய சுட்டிகளும் வருகின்றன. அவற்றைப் பிடிக்க, ‘சொல்லெழுத்து’ என்பதைக் குறிக்கும் டபிள்யூ அடையாளத்தை வடிவத்தொடரில் வைத்தேன். ஒருங்குறி தெரிந்த பைத்தான்தானே என்ற நம்பிக்கை. சோதித்தபோது கடலூர்க் கட்டுரைக்குப் பதிலாகக் ‘கடல’ என்ற தலைப்பைத் திறந்தது. பைத்தானின் ரெஜெக்ஸ் தொகுப்புக்கு க, ட, ல, ர எல்லாம் எழுத்துகள். ஊகாரக் குறியும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, எழுத்தோடு சேரும் அடையாளங்கள். அதனால் ல-வுக்குப் பின் சொல் முடிந்துவிட்டதாக அது எண்ணிக்கொண்டது. ஒரே ஊர்ப் பெயரில் இரண்டாம் முறையாக அடி விழுந்த பின், எதெல்லாம் சுட்டிக்குள் வரலாம் என்று வரையறுப்பதை விட்டுவிட்டு, எதெல்லாம் வரக் கூடாது என்று வரையறுத்தேன். இடைவெளி, கோண அடைப்பு, மேற்கோள் குறி ஆகிய மூன்றில் ஒன்று வரும்வரை எல்லாம் சுட்டிதான். அதன் பிறகு வாலில் ஒட்டியிருக்கும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மூடும் பிறையடைப்பை மட்டும், சுட்டிக்குள்ளேயே அதற்கு இணையான திறப்பு இருந்தால் விட்டுவைக்க வேண்டும். விக்கிப்பீடியாத் தலைப்புகளில் பிறையடைப்பு அடிக்கடி வரும்.

அடுத்தது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் சுட்டிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டே அடுத்த சொல்லை எழுதுவார். நாம் சுட்டியையும் ஒரு பெயர்ச்சொல்லாக நினைத்து, ஒரு சிறு கோடு போட்டு, ‘-இல் பார்க்கவும்’, ‘-ஐத் திறக்கவும்’ என்று உருபை ஒட்டிவிடுவோம். என் அஞ்சல் பெட்டியில் தேடிப் பார்த்தபோது, இப்படி எழுதுகிறவர்களில் முதல் ஆள் நானேதான். சுட்டியோடு ‘-இல்’ சேர்ந்து போனால் எந்தத் தளமும் பக்கத்தைத் தராது. இல், ல், ஐ, க்கு, இலிருந்து, என்ற என்று ஒரு சிறு பட்டியல் வைத்து, சிறுகோட்டோடு வாலில் வந்தால் அறுத்துவிடலாம். ஆனால் தமிழிலேயே அமைந்த முகவரியில் சிறுகோடும் ‘இல்’ என்ற சொல்லும் உண்மையாகவே இருக்கலாம் அல்லவா? ஆகவே, வாலுக்கு முன்னாலுள்ள பகுதி முழுக்க ரோமன் எழுத்தாக இருந்தால் மட்டும் அறுப்பது என்றும், தமிழ் கலந்திருந்தால் அறுத்ததையும் அறுக்காததையும் இரண்டு வரியாகக் காட்டுவது என்றும் முடிவு செய்தேன். இது பூரணமான தீர்வு அன்று. என் கடிதப் போக்குவரத்துக்குப் போதுமானது.

பட்டியல் அழகாக வந்தது. எண்ணைக் கேட்கும் இடத்தில் நிரல் செத்தது. ‘கோப்பு முடிந்துவிட்டது’ என்ற பிழையோடு, நான் விசைப்பலகையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துபோயிற்று. அரை மணி நேரம் விழித்த பிறகு விளங்கியது. பைப் என்பது ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக மாட்டுவது. பெல் ஆய்வகத்தின் டக் மக்கில்ராயின் எண்ணத்தைக் கொண்டு 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்குள் வந்த ஏற்பாடு. என் நிரலின் உள்ளீட்டு வாயில் மட் அஞ்சலைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, அதே வாயில் வழியாக என் விரல் தட்டும் எண் எப்படி உள்ளே போகும்? அஞ்சல் தீர்ந்ததும் வாயிலும் முடிந்தது. யூனிக்ஸில் இதற்கென்றே ஒரு கொல்லைப்புற வழி உண்டு. ‘/டெவ்/டிடிஒய்’ என்ற சாதனக் கோப்பைத் திறந்தால், உள்ளீடு எங்கே மாட்டப்பட்டிருந்தாலும், அமர்ந்திருப்பவரின் முனையமே நேராகக் கிடைக்கும். எண்ணை அதிலிருந்து படிக்கச் செய்ததும் சரியாயிற்று.

திறக்கும் பகுதியில் செய்த பிழை இதைவிடக் கெட்டது. உலாவியின் பெயரையும் சுட்டியையும் ஒரே சரமாகக் கோத்து, தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்ற நிரலிடம் கொடுத்திருந்தேன். பயணச்சீட்டுச் சுட்டி ஒன்றில் உம்மைக்குறி இருந்தது. ஷெல்லுக்கு உம்மைக்குறி என்றால் ‘இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு’ என்று பொருள். பாதிச் சுட்டி உலாவிக்குப் போக, மீதிப் பாதியை ஷெல் கட்டளையாகக் கருதி நிறைவேற்ற முயன்றது. அன்று அது பொருளற்ற எழுத்துகளாக இருந்ததால் பிழைத்தேன். அரைப்புள்ளியையும் ஒரு கோப்பழிப்புக் கட்டளையையும் சுட்டிக்குள் வைத்து யாரோ அனுப்பியிருந்தால், அதை என் கையாலேயே எண்ணழுத்தி ஓட்டியிருப்பேன். மேற்கோள் குறிக்குள் அடைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது, சுட்டிக்குள்ளேயே மேற்கோள் குறி வரலாம். இப்போது ஷெல்லுக்கே வேலையில்லை: உலாவியின் பெயர் முதல் உறுப்பாகவும், சுட்டி இரண்டாம் உறுப்பாகவும் அமைந்த பட்டியலை இயங்குதளத்திடம் நேரடியாகக் கொடுக்கிறேன். இரண்டாம் உறுப்பில் என்ன குறி இருந்தாலும் அது வெறும் எழுத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

“எதுக்கு மாமா இவ்ளோ கஷ்டம்? போன்ல வந்தா தொட்டா தெறந்துடும்ல?”

“தெறந்துடும்மா. எங்க போவுதுன்னு பாத்துட்டுத் தெறக்கலாமேன்னுதான்.”

பேச்சுக்குப் பொருத்தமாக ஓர் அஞ்சல் பெட்டியில் கிடந்தது. மின்கட்டணம் பாக்கி, இன்று இரவுக்குள் செலுத்தாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும் என்று மிரட்டும் வகை. எங்கள் வீட்டு ரசீது போன வாரமே கட்டியாகிவிட்டது. கடிதத்தில் நீல நிறத்தில் அடிக்கோடிட்டுத் தெரிந்தது அரசுத் தளத்தின் முகவரி போன்ற ஒன்று. “சரியாத்தானே மாமா இருக்கு?” என்றாள். தொரட்டியை இயக்கினேன். ஒவ்வொரு சுட்டிக்கும் அது அப்போது இரண்டு வரி காட்டியது: மேலே கடிதத்தில் கண்ணுக்குத் தெரியும் சொற்கள், கீழே அவற்றுக்கு அடியிலுள்ள முழுச் சுட்டி. மேல்வரியே ஒரு முகவரி போல இருந்து, கீழ்வரியின் தளம் அதிலிருந்து வேறுபட்டால், வரியின் முன்னால் மூன்று உணர்ச்சிக்குறிகள் வரும். அந்தக் கடிதத்தில் மூன்றும் வந்தன. கீழ்வரியில் அரசுத் தளத்தின் பெயர் தொடங்கி, ஓர் அட் குறி வந்து, அதன் பின் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. சுட்டியின் இலக்கணப்படி அட் குறிக்கு முன்னால் வருவது வெறும் பயனர் பெயர். தளம் என்பது அதற்குப் பின்னால் வருவது. இதற்காகவே கீழ்வரியில் முழுச் சுட்டியைக் காட்டாமல், தளத்தின் பெயரைப் பிரித்தெடுத்து முதலில் வைக்கும்படி அன்று மாலையே மாற்றினேன். அவள் தன் கைபேசியை எடுத்து, வந்திருந்த சுட்டி ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்து, அடியிலுள்ள முகவரியைப் படிக்கத் தொடங்கினாள்.

தளப் பெயர் ரோமன் அல்லாத எழுத்தில் இருந்தால் அதன் பியூனிகோட் வடிவத்தையும், அதாவது ரோமன் எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டும் கொண்டு எழுதும் வடிவத்தையும், பக்கத்தில் காட்டுகிறேன். சிரிலிக் எழுத்துகளில் சில ரோமன் எழுத்தை அச்சாக ஒத்திருப்பதால் கண் ஏமாறும், பியூனிகோட் ஏமாறாது. ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ்த் தளப் பெயர்களுக்கும் இதே சடங்கு நடப்பது சற்று வருத்தம்தான், ஆனாலும் விதிவிலக்கு வைக்கவில்லை.

பழைய அஞ்சல்களையும் சோதித்துவிடலாம் என்று, இருபது ஆண்டுக்கு முந்தைய கோப்புறை ஒன்றை முழுவதுமாகத் தொரட்டியின் வழியாக ஓட்டினேன். டிஸ்கி குறிமுறையில் எழுதப்பட்ட கடிதம் வந்ததும் நிரல் நின்றது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழில் மின்னஞ்சல் எழுதியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். பைத்தானுக்கு அப்படியொரு குறிமுறை தெரியாது. தமிழை மீட்பது வேறு வேலை. சுட்டிக்கு அது தேவையில்லை, ஏனெனில் டிஸ்கியின் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறிமுறையே. தெரியாத குறிமுறை என்று பைத்தான் கைவிரிக்கும்போது, பைட்களை லத்தீன்-1 என்ற ஐரோப்பியக் குறிமுறையாகப் பாவித்துப் படித்தால், தமிழ் குப்பையாகத் தெரிந்தாலும் சுட்டி நலுங்காமல் கிடைக்கிறது. கிடைத்த சுட்டிகளில் பல இன்று இல்லாத தளங்களுக்கானவை என்பது வேறு விஷயம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு கைபேசியிலிருந்து, தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக, வீட்டுக் கணினியின் அஞ்சலைப் பார்க்கும்போது, உலாவி வீட்டு மேசையில் திறந்து என்ன பயன்? எஸ்எஸ்எச் அமர்வுக்குள் இருப்பதற்கான சூழல் மாறி தென்பட்டால், தொரட்டி எதையும் திறக்காமல் சுட்டியை மட்டும் தனி வரியில் அச்சிட்டுவிடும்; கைபேசியில் உள்ள டெர்மக்ஸ் செயலி திரையிலிருக்கும் சுட்டிகளைத் தானே அடையாளம் கண்டு திறக்கத் தருகிறது.

தீராமல் நிற்பது ஒன்று. சிலர் நீண்ட சுட்டியைத் தாங்களே எண்டர் தட்டி இரண்டு வரியாக உடைத்து அனுப்புகிறார்கள். குறியாக்கத்தின் வரிமுறிவுக்குச் சமக்குறி என்ற அடையாளம் உண்டு; மனிதர் தட்டிய எண்டருக்கு அடையாளம் கிடையாது. தானாக ஒட்டும் விதி ஒன்றை எழுதிப் பார்த்தேன், அது சுட்டிக்கு அடுத்த வரியிலிருந்த ‘நன்றி’யையும் சேர்த்து ஒட்டியது. அதனால் ஒட்டும் பொறுப்பை எனக்கே விட்டுக்கொண்டேன்: சுட்டியின் எண்ணோடு ஒரு கூட்டல் குறியையும் தட்டினால், அடுத்த வரியின் முதல் துண்டைச் சேர்த்து, திறக்கும் முன் ஒரு முறை காட்டும்.

நூலாசிரியரின் கடிதத்தை நேற்று மறுபடியும் எடுத்து 1 என்று தட்டினேன். கட்டுரை திறந்தது, ஐயமும் தீர்ந்தது. அவர் எழுதியிருந்த ஆண்டுதான் தவறு. திருத்தத்தைக் குறித்து, சுட்டியையும் சேர்த்து, கவனமாக ஓர் இடைவெளி விட்டு, ‘பார்க்கவும்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.